ஆஸ்பத்திரியில் நர்ஸ் இல்லையா? மனு எழுதுமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

எங்கள் ஊர் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி நான் எழுதிய முதல் மனு இரண்டு பக்கம். டாக்டர் பத்தவில்லை, கட்டடம் ஒழுகுகிறது, வாசலில் விளக்கு எரியவில்லை, ரோடு சரியில்லை என்று ஆரம்பித்து கண்மாய் மடை வரைக்கும் போய்விட்டேன். அது நாலு துறைக்குப் பிரிந்து போனது. நாலு இடத்திலிருந்தும் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வந்தது. ஒரு பல்புகூட மாறவில்லை.

புதிதாக இறங்குகிறவர்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கான நிதியைக் குறைத்துவிட்டோம் என்று யாரும் போர்டு மாட்ட மாட்டார்கள். கிராமத்துக்கு அது வேறு வேஷத்தில் வரும். ரிட்டயர் ஆன நர்ஸின் இடம் நிரம்பாமலே கிடக்கும். ஒரே லேப் டெக்னீசியன் இரண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். முப்பது நாள் மாத்திரை பத்து நாளாகும். அதனால் 'நல்ல ஆஸ்பத்திரி வேண்டும்' என்று கேட்காதீர்கள். ஒரு பணியிடம், அல்லது ஒரு மாத்திரை. அதோடு நிறுத்துங்கள்.

1. நோட்டு

கோடு போட்ட 100 பக்க நோட்டு போதும். தேதி, வந்த நேரம், எதற்கு வந்தார், என்ன கொடுத்தார்கள், எதை வெளியே வாங்கச் சொன்னார்கள் என்று ஐந்து கட்டம். பேர் எழுத வேண்டாம். 'பெண், 60, சுகர்' என்றால் போதும். மருந்துச் சீட்டை ஃபோட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடவே போடாதீர்கள். அடுத்தவர் நோயை ஊருக்குச் சொல்ல நாம் யார்?

மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேர், நான், என் சித்தப்பா மகன் என்று நாலு பேர் எதிர் டீக்கடை பெஞ்சில் முறை வைத்து உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் ஒரு அம்மாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். ஒரு பட்டை, பத்து மாத்திரை.

"மாசத்துக்கும் சேத்துக் குடுத்துக்கிட்டு இருந்தாக. இப்பப் பத்து நாளைக்குத்தேன்."

"பஸ்ஸுதான் ஃப்ரீயாச்சே அம்மாச்சி" என்றேன், புத்தியில்லாமல்.

"பஸ்ஸு ஃப்ரீதேன்யா. நூறு நாள் வேலைக்குப் போகலேன்னா அன்னைக்குச் சம்பளம் போச்சுல்ல, அதை யாரு குடுப்பா?"

அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். பின்னால் கிராம சபையில் எங்கள் கணக்கையெல்லாம் விட அந்த ஒரு கேள்விதான் எடுபட்டது. இரண்டு வாரம் எழுதினால் போதும், மாதக்கணக்கில் வேண்டாம்.

2. நர்ஸம்மாவிடம் சண்டை வேண்டாம்

மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்க்கும்போது அவரிடமே கத்துவது அநியாயம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 2008-ஆம் வருடத்துச் சட்டத்தில் கடுமையான தண்டனையும் உண்டு. மரியாதையாகக் கேட்டால் எது இல்லை என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் சொன்னவர் இன்னார் என்று மனுவில் எழுதிவிடாதீர்கள்.

3. தகவல் உரிமை மனு

நோட்டில் இருப்பது நம் கணக்கு. அரசாங்கத்தின் கணக்கும் கையில் வேண்டும். வெள்ளைத் தாளில், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1) என்று தலைப்பிட்டு, மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

'ஏன் நர்ஸ் போடவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. இந்தச் சட்டத்தில் காரணம் கேட்டுச் சண்டை போட முடியாது, இருக்கிற காகிதத்தைத்தான் கேட்க முடியும். இப்படிக் கேளுங்கள் (மெட்ஃபார்மின் என்பது சுகர் மாத்திரை):

"அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் எத்தனை? அவற்றில் காலியானவை எத்தனை? எந்தத் தேதியிலிருந்து காலி? கடந்த 6 மாதத்துக்கான மெட்ஃபார்மின் மாத்திரை இருப்புப் பதிவேட்டின் நகல் தேவை."

மருந்து பாஸ்புக்கின் நகலையும் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்துதான் மருந்து வருகிறது. அந்த வருடத்துக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கி, எடுக்க எடுக்க பாஸ்புக்கில் கழித்துக்கொண்டே வருவார்கள். நம்ம வீட்டு ரேஷன் கார்டு மாதிரி. பட்ஜெட் என்கிற பெரிய சமாச்சாரம் நம் ஊருக்குள் நுழையும் வாசல் அந்தப் புத்தகம்தான்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

4. கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்துக்கு ஆறு. ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருக்கும் காலத்திலும் உங்கள் உரிமை போய்விடாது.

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய் வாயால் சொன்னால் 'மருத்துவ வசதி மேம்படுத்த வேண்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டில் எழுதிய பிறகு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் அவசரத்தில் கூட்டம் கலையும், டீயும் வந்துவிடும், அந்த நேரத்தில்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். 3,000 பேருக்குள் உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், அதைத்தான் கோரம் என்பார்கள் (500-க்குள் என்றால் 50). ஆள் சேர்ப்பதை முதல் நாளே பாருங்கள்.

5. திங்கட்கிழமை

மதுரை கலெக்டர் ஆபீஸ், அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம். மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸ் பையைச் சோதிப்பார்கள், தண்ணீர் பாட்டிலை மோந்துகூடப் பார்ப்பார்கள். தீக்குளிக்க மண்ணெண்ணெயோடு வந்தவர்களின் கதை அது, கோபப்படாதீர்கள். மனு அரைப் பக்கம்:

"பொருள்: காலியாக உள்ள ஒரு செவிலியர் பணியிடத்தை நிரப்பக் கோருதல். இந்தப் பணியிடம் … தேதியிலிருந்து காலி (தகவல் உரிமைப் பதில் இணைப்பு 1). இரண்டு வாரத்தில் … பேர் முழு மாத்திரை இல்லாமல் திரும்பினர் (இணைப்பு 2). கிராம சபைத் தீர்மானம் (இணைப்பு 3)."

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் முதல்வரின் உதவி மையமான 1100-க்கு ஃபோன் அடித்துக் கேட்க முடியும்.

6. எம்.எல்.ஏ.

பலரும் பட்ஜெட் வந்த பிறகு போவார்கள். அதற்குள் கணக்கு முடிந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் போய்விடுங்கள். மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை (அந்தத் துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்பது) சட்டமன்றத்துக்கு வரும்போது கேட்பதற்கு ஒரு கேள்வியை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். எதிர்க்கட்சிக்காரர்களிடமும் கொடுங்கள். அவர்கள் அப்போது அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். பேருதான் வெட்டு, பெரும்பாலும் இன்னும் கொடு என்று கேட்கத்தான். நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு 2025-க்குள் மக்கள் சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2017-ஆம் வருடத் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. பேச்சில் அது கைகொடுக்கும், ஆனால் உங்கள் தாளில் முதல் வரி உங்கள் ஊர் நர்ஸ் பணியிடமாகவே இருக்கட்டும்.

எங்களுக்கு மாத்திரை மறுபடியும் முப்பது நாளாகிவிட்டது. நர்ஸ் இன்னும் நிரந்தரமாக வரவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுப் பணியில் வாரத்துக்கு மூன்று நாள் ஒருவர் வருகிறார். அங்கே அந்த மூன்று நாள் ஆள் இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் போன வாரம் எங்கள் டீக்கடைக்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மனு இரண்டு ஊரும் சேர்ந்து.