அட்டையைப் பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள்: மேஜிக் விதிக் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் 'மேஜிக்: த கேதரிங்' என்ற அட்டை விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்கு நடுவர் என்று தனியாக ஒருவர் அருகில் இருப்பது அரிது. கிளிநொச்சியில் ரியூசன் முடிந்து வரும் நான்கு பேர் ஒரு வீட்டு விறாந்தையில் அட்டைகளைப் பரப்புகிறார்கள். சிக்கல் வந்தால், அவர்களில் அதிக காலம் ஆடியவர் சொல்வதுதான் சட்டம். அவருக்கும் தெரியாவிட்டால் வவுனியாவில் இருக்கும் ஓர் அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போகிறது. அந்த அண்ணாவின் இடத்திலோ அக்காவின் இடத்திலோ இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் பதில் அந்த ஓர் ஆட்டத்தோடு நிற்பதில்லை. கேட்டவன் அடுத்த விடுமுறையில் முல்லைத்தீவு மச்சானுக்கு அதையே சொல்லிக்கொடுப்பான். பிழையான விதி ஒரு முறை வேர்விட்டால் பிடுங்குவது கடினம்.

எங்கள் பெரியவர்கள் 304 என்ற சீட்டாட்டத்தை ஆடி வளர்ந்தவர்கள். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20 என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கேள்வி கேட்கும் முறையும் துரும்பு தொடர்பான சில்லறை விதிகளும் ஊருக்கு ஊர் மாறும். மேசையில் இருப்பவர்கள் ஒத்துக்கொண்டால் அதுவே முறை. அந்தப் பழக்கத்தை மேஜிக்குக்குக் கொண்டுவருவதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. ரிச்சர்ட் கார்பீல்ட் வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993 இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரே ஓர் அதிகாரபூர்வ வாசகம் உண்டு. விதிகள் எல்லாம் ஒரே ஆவணத்தில் இருக்கின்றன. ஆகவே பதில் சொல்பவருக்கு இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தும் வேலை இல்லை. அட்டையின் வாசகத்திலிருந்து முடிவு வரையான வழியைக் காட்டுவதே அவருடைய வேலை.

காதால் கேட்ட அட்டைக்குப் பதில் சொல்வது

"அண்ணா, கிரியேச்சரை அழிக்கும் அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. அவனுடைய கிரியேச்சருக்கு ஹெக்ஸ்ப்ரூஃப் இருக்கிறது. அழிக்கலாமா?"

கிரியேச்சர் என்பது நமக்காகச் சண்டையிடும் உயிரின அட்டை. இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றாலும் பிழை, 'இல்லை' என்றாலும் பிழை. கையில் இருப்பது டூம் பிளேட் என்றால் முடியாது. அது கறுப்பு நிறமல்லாத ஒரு கிரியேச்சரை இலக்காகக் குறிக்க வேண்டிய மந்திரம். எதிராளியின் மந்திரங்களும் திறன்களும் தன்னை இலக்காக்குவதைத்தான் ஹெக்ஸ்ப்ரூஃப் தடுக்கிறது. ராத் ஆஃப் காட் என்றால் தாராளமாக அழியும். அது எல்லாக் கிரியேச்சர்களையும் அழிக்கிறதே தவிர எதையும் இலக்காகக் குறிப்பதில்லை. கேட்டவன் இரண்டையும் 'அழிக்கும் அட்டை' என்றே சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை. எந்தச் சொல் முக்கியம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. அதனால் முதல் பதில் எப்போதும் இதுதான்: "அட்டையைப் படம் எடுத்து அனுப்பு."

படம் வந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. இங்கே ஓடும் அட்டைகளில் கணிசமானவை கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர்கள் கொண்டுவந்தவை. அவர்களுடைய பிள்ளைகள் ஆடி முடித்து பெட்டியில் போட்டுவைத்த தொண்ணூறுகளின் அட்டைகளும் அவற்றில் கலந்திருக்கும். பழைய கிரிஸ்லி பெயர்ஸ் அட்டையில் 'கிரியேச்சர்' என்ற சொல்லே இருக்காது. 'சம்மன்' என்றுதான் அச்சாகியிருக்கும். பழைய கவுண்டர்ஸ்பெல்லில் 'இன்டரப்ட்' என்று இருக்கும். 1999 இல் வந்த ஆறாம் பதிப்பு அந்த வகையையே நீக்கிவிட்டது. இன்று அது சாதாரண இன்ஸ்டன்ட், அதாவது எதிராளியின் சுற்றிலும் போடக்கூடிய மந்திரம். புரோடிகல் சோர்சரர் ஒரு காலத்தில் வெறும் மந்திரவாதி, இப்போது மனித மந்திரவாதி. மனிதர்களுக்கு மட்டும் பலன் தரும் அட்டை ஒன்று மேசையில் இருந்தால் இந்தச் சின்ன வேறுபாடு ஆட்டத்தையே மாற்றும்.

கையில் உள்ள அட்டையில் என்ன அச்சாகியிருந்தாலும் இன்று செல்லுபடியாவது நடப்பு அதிகாரபூர்வ வாசகம். நிறுவனத்தின் கேதரர் என்ற தரவுத்தளத்தில் அது இருக்கிறது, ஸ்க்ரைஃபோல் என்ற இணையத்தளத்திலும் பார்க்கலாம். ஓர் அட்டையின் பக்கத்தைத் திறக்க அதிக டேட்டா தேவையில்லை. பல அட்டைகளுக்குக் கீழே விளக்கக் குறிப்புகளும் இருக்கும். உங்களிடம் வந்த கேள்விக்கே அங்கே பதில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எது முதலில் நடந்தது என்று கேட்காமல் விடுவது

என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். அட்டையைச் சரியாகப் பார்த்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள்.

ஒரு கிரிஸ்லி பெயர்ஸ், பலம் 2, தாங்கும் சக்தி 2, சுருக்கமாக 2/2. எதிராளியிடம் லைட்னிங் போல்ட், 3 சேதம். கரடிக்காரனிடம் ஜயண்ட் குரோத், அந்தச் சுற்று முடியும் வரை இரண்டு எண்ணிலும் 3 கூடும். "கரடி பிழைக்குமா?" என்று கேள்வி வருகிறது. எல்லா அட்டைகளும் தெரிந்துவிட்டன. ஆனாலும் இன்னும் பதில் சொல்ல முடியாது.

மேஜிக்கில் மந்திரங்கள் ஸ்டாக் என்ற அடுக்கில் ஏறுகின்றன. கடைசியாக ஏறியது முதலில் நிறைவேறும். எதிராளி போல்ட்டை ஏவுகிறான், அதற்குப் பதிலாகக் கரடிக்காரன் குரோத்தைப் போடுகிறான் என்று வையுங்கள். குரோத் முதலில் நிறைவேறுகிறது. கரடி 5/5 ஆகிறது. பிறகு போல்ட் வந்து 3 சேதம் கொடுக்கிறது. கரடி நிற்கிறது. "சரி, சுற்று முடிந்து கரடி மறுபடியும் 2/2 ஆகும்போது அந்த 3 சேதம் கொன்றுவிடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். வர வேண்டும், நல்ல கேள்வி. கொல்லாது. சுற்றின் இறுதியில் சேதம் அகல்வதும் 'சுற்று முடியும் வரை' என்ற விளைவுகள் முடிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இப்போது அதே கரடி, அதே இரண்டு அட்டைகள். கரடிக்காரன் தாக்குதலுக்காக முதலில் குரோத்தைப் போடுகிறான். அது நிறைவேறுமுன் எதிராளி போல்ட்டை ஏவுகிறான். போல்ட் மேலே இருப்பதால் அதுவே முதலில் நிறைவேறும். 2/2 கரடிக்கு 3 சேதம், கரடி சாகிறது. குரோத்துக்கு இலக்கே இல்லாமல் போகிறது. அது எந்தப் பலனும் தராமல் சவக்குழிக்கு, அதாவது பயன்படுத்திய அட்டைகளின் குவியலுக்கு, போய்விடும்.

மூன்றாவது வகையும் உண்டு. போல்ட் விழுந்துவிட்டது, "இப்போது குரோத் போட்டுக் காப்பாற்றலாமா?" என்று கேட்பார்கள். முடியாது. தாங்கும் சக்தி அளவுக்குச் சேதம் வாங்கிய கிரியேச்சரை ஆட்டமே உடனடியாக அகற்றிவிடும். யாருக்கும் மந்திரம் போட வாய்ப்புக் கிடைக்குமுன்பே அது நடந்துவிடும்.

ஒரே கரடி, ஒரே இரண்டு அட்டைகள், மூன்று வரிசைகள். ஆகவே யாருடைய சுற்று, எந்தக் கட்டம், எது அறிவிக்கப்பட்டது, எது நிறைவேறி முடிந்தது என்பவற்றைக் கேட்காமல் பதில் சொல்லவே கூடாது. தொலைபேசியில் கேட்பவர்கள் அவசரத்தில் கதையைப் பின்னிருந்து முன்னாகச் சொல்வார்கள். "நான் குரோத் போட்டேன், அவன் போல்ட் போட்டான்" என்ற வாக்கியம் மேலே சொன்ன இரண்டு நிலைமைகளுக்கும் பொருந்தும். பொறுமையாகத் திரும்பக் கேளுங்கள்.

ஆளைக் கொன்றால் வேலையும் நின்றுவிடும் என்று சொல்வது

புரோடிகல் சோர்சரரை டேப் செய்தால், அதாவது பயன்படுத்தியதைக் காட்ட அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால், எந்த இலக்குக்கும் 1 சேதம் கொடுக்கலாம். அவனை டேப் செய்ததும் எதிராளி போல்ட் போட்டுக் கொன்றுவிட்டு, "மந்திரவாதியே இல்லை, சேதம் எங்கிருந்து வரும்?" என்று கேட்பான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேதம் வரும். செயற்படுத்தப்பட்ட திறன் அடுக்கில் ஏறிவிட்டால், அதற்கு மூலமான அட்டை போனாலும் அது தனியே நிற்கும்.

இதைச் சொல்லிக்கொடுத்த கையோடு எல்லைக்கோட்டையும் காட்டுங்கள். குளோரியஸ் அன்தம் என்ற அட்டை மேசையில் இருக்கும்வரை உங்கள் கிரியேச்சர்களுக்கு +1/+1 கிடைக்கிறது. அது அழிந்த கணமே பலனும் போய்விடும், ஏனென்றால் அங்கே அடுக்கில் ஏறிய எதுவும் இல்லை. 'மூலம் போனாலும் விளைவு நிற்கும்' என்று மொட்டையாகச் சொன்னால் அடுத்த ஆட்டத்தில் அன்தமுக்கும் அதையே சொல்வார்கள்.

இந்த இடத்தில் மற்ற விளையாட்டுகளின் பழக்கமும் குறுக்கே வரும். போக்கிமொன் ஆடியவர்கள் எதிராளியின் சுற்றில் பதில் அட்டை போடலாம் என்பதையே நம்பமாட்டார்கள். யூ-கி-ஓ ஆடியவர்கள் நம்புவார்கள், ஆனால் அங்கே சங்கிலி நிறைவேறத் தொடங்கினால் முடியும்வரை நடுவில் எதையும் சேர்க்க முடியாது. மேஜிக்கில் அடுக்கிலிருந்து ஒவ்வொன்று நிறைவேறிய பின்னும் இருவருக்கும் மீண்டும் வாய்ப்பு வரும். கேட்பவன் முன்பு எதை ஆடியவன் என்று தெரிந்துகொண்டால் அவனுடைய குழப்பம் எங்கே இருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

பழைய விதியை இன்றைய விதியாகச் சொல்வது

ஆகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் மாமா இருபது வருடங்களுக்கு முன் மிக நன்றாக ஆடியவராக இருக்கலாம். பிள்ளைகள் அவரை மலைபோல் நம்புவார்கள். அவர் மோக் ஃபனாடிக் என்ற 1/1 குட்டியால் எதிராளியின் 2/2 கரடியை மறித்து, சண்டைச் சேதம் அடுக்கில் ஏறியதும் குட்டியைப் பலிகொடுத்து இன்னொரு சேதமும் கொடுத்துக் கரடியைக் கொல்லக் காட்டிக்கொடுப்பார். அவர் ஆடிய காலத்தில் அது முற்றிலும் சரி. 2009 ஜூலையில் மேஜிக் 2010 தொகுப்போடு வந்த மாற்றம் அதை முடித்துவிட்டது. இப்போது சண்டைச் சேதம் அடுக்கில் ஏறுவதில்லை. ஒன்று குட்டி சண்டையில் அடிக்க வேண்டும், அல்லது அதற்குமுன் பலிபோக வேண்டும். இரண்டு சேதமும் கிடைக்காது. செலவழிக்காத மேனாவுக்காக (மந்திரம் போடச் செலவிடும் சக்தி) உயிர்ப்புள்ளி குறையும் பழைய விதியும் அப்போதே போனது.

மாமாவை மட்டும் சொல்வதற்கில்லை. ஒரு தாக்குதலைப் பலர் மறித்தால் சேதத்தை யாருக்கு முதலில் என்று வரிசைப்படுத்தும் விதியைப் போன வருடங்களில் கற்றவர்கள் இன்றும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறார்கள். 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்போடு அந்த வரிசை நீக்கப்பட்டது. புதிய தொகுப்புகள் வரும்போதெல்லாம் விதி ஆவணம் புதுப்பிக்கப்படுகிறது. உங்களுக்குத் தெரிந்த விதி எந்த ஆண்டில் கற்றது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கதையை வைத்துப் பதில் சொல்வது

பசிஃபிஸம் என்ற அட்டை ஒட்டிய கிரியேச்சர் தாக்கவும் முடியாது, மறிக்கவும் முடியாது. படத்தைப் பார்த்தால் அது சண்டையை விட்டே ஒதுங்கிவிட்டதாகத் தோன்றும். அதனால் பசிஃபிஸம் ஒட்டிய புரோடிகல் சோர்சரரும் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். அவன் டேப் ஆகி 1 சேதம் கொடுப்பதை அந்த அட்டை எங்கும் தடுக்கவில்லை. படமும் பெயரும் ஆட்டத்தின் அழகு, அவற்றை நானும் விரும்புகிறேன். விதி வாசகத்தில்தான் இருக்கிறது. 'இது அநியாயம்' என்பதும் விதியாகாது.

இதோடு விதி ஆவணத்தின் இரண்டு விதிகளை மனப்பாடம் செய்துவைத்தால் பாதிக் கேள்விகள் தீரும். 101.1: அட்டை விதியோடு நேரடியாக முரண்பட்டால் அட்டையே வெல்லும். 101.2: ஒன்று 'முடியும்' என்றும் மற்றொன்று 'முடியாது' என்றும் சொன்னால் 'முடியாது' வெல்லும். பசிஃபிஸம் ஒட்டிய கிரியேச்சருக்குப் பறப்பவற்றை மறிக்கும் திறனைக் கொடுத்தாலும் அது மறிக்காது.

அளவுக்கு மிஞ்சிச் சொல்வது

முழு விதி ஆவணம் 250 பக்கங்களுக்கு மேல். தேடிப் பார்ப்பதற்காக எழுதப்பட்டது அது. பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்ட ஒரு கேள்விக்கு அதில் பாதியை ஒப்புவித்தால் அவன் தலையாட்டிவிட்டுப் போவான், மனதில் ஒன்றும் நிற்காது. முடிவை முதலில் சொல்லுங்கள், காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, உண்மையிலேயே பார்த்துச் சொல்லுங்கள்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கேள்வி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். "இப்போது குரோத் போடலாமா?" என்றால் "போடலாம்" என்பதே முழுப் பதில். "போடலாம், ஆனால் அவன் போல்ட் வைத்திருப்பான், பொறு" என்றால் நீங்கள் அவனுக்காக ஆடத் தொடங்கிவிட்டீர்கள். எதிரில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய அநீதி. போட்டிகளில் நடுவர்கள் இந்த எல்லையை மிகக் கண்டிப்பாகக் காப்பார்கள். ஆட்டம் முடிந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து யோசனை சொல்லுங்கள்.

கேள்வியே கையில் உள்ள அட்டையைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிராளிக்கு முன்னால் "எந்த அட்டை?" என்று உரக்கக் கேட்காதீர்கள். நேரில் என்றால் அவனை விறாந்தையின் மறுபக்கம் கூட்டிப்போய்க் கேளுங்கள். தொலைபேசி என்றால் குரல் பதிவு வேண்டாம், அது ஸ்பீக்கரில் மேசை முழுவதற்கும் கேட்கும். கேள்வியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், பதிலையும் எழுத்திலேயே அனுப்புங்கள். அதில் அட்டையின் பெயரைக் குறிப்பிடாமல் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று முதலில் போட்டு, விளக்கத்தை ஆட்டம் முடிந்ததும் அனுப்பலாம்.