பழைய பக்கத்தைத் தூக்கும்போது: 301-ஆ, 302-ஆ, 410-ஆ?

திருப்பூர் பனியன் கம்பெனி வெப்சைட்டில் போன சீசன் டிசைன் பக்கத்தை எடுக்கிறீர்களா? அந்த முகவரியைத் திறப்பவரின் பிரவுசருக்கு சர்வர் ஒரு பதில் எண் (ஸ்டேட்டஸ் கோடு) அனுப்பும்; எந்த எண் என்பதுதான் கேள்வி. பக்கம் புது முகவரிக்கு நிரந்தரமாகப் போனால் 301. தீபாவளி ஆஃபருக்கு நாலு நாள் திருப்பிவிட 302 போதும். அதற்குப் போய் 301 போட்டால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆஃபர் முடிந்தும் வாடிக்கையாளர் அங்கேயே போய் நிற்பார். சரக்கு இனி வரவே வராது என்றால் 410. 404 வெறும் 'கிடைக்கவில்லை'தான், திரும்ப வருமா என்று சொல்லாது.

எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. கூகுள் அதை 'சாஃப்ட் 404', அதாவது பக்கமே இல்லாததற்குச் சமம் என்று ஒதுக்கிவிடலாம்.

சரிபார்க்க, குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் 'பிரிசர்வ் லாக்' டிக் செய்துவிட்டு முகவரியைத் திறங்கள். ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் எண் தெரியும்.