இரண்டாவது சிறுநீரகத்துக்குத் தயாராவது எப்படி
மாற்றிய சிறுநீரகம் செயலிழந்து, சுங்கை சிப்புட்டில் மறுபடியும் வாரம் 3 முறை டயாலிசிஸ் என்றாகிவிட்டதா, மனம் தளராதீர்கள். இரண்டாவது சிறுநீரகம் முதலாவதைவிடக் கொஞ்சம் குறைவாக உழைக்கலாம், ஆனாலும் உடல் தாங்குகிற பலருக்கு டயாலிசிஸிலேயே இருப்பதைவிட அது நல்லது. முதலில் நிபுணரிடம் எச்எல்ஏ எதிர்ப்பொருள் (பிறர் திசுவை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) அளவைக் கேளுங்கள். பழைய சிறுநீரகத்தை எதிர்த்து உடல் உண்டாக்கிய அவைதாம் பொருத்தமான கொடையாளி கிடைப்பதைக் கடினமாக்கும், ரத்தம் ஏற்றினால் இன்னும் கூடலாம், அதனால் ஏற்றச் சொன்னால் வேறு வழி உண்டா என்று கேட்டுவிடுங்கள். பழைய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், முன்பு மாத்திரை தவறியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அது மிக முக்கியம். மாற்றியபின், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து தினமும் அதே நேரத்தில். தம்புன் பம்பளிமாஸ் பழம் வேண்டாம், ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.