குடும்பத்தைப் பற்றிய இருண்ட நகைச்சுவை: அமெச்சூர் நாடகக் குழுக்கள் சறுக்கும் இடங்கள்

இந்த வகை நாடகத்தை எடுக்கும் குழுக்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்ற பதற்றம்.

அப்பாவின் உடல் கூடத்தில் கிடக்கிறது. மூத்த மகன் அழுதுகொண்டே பீரோ சாவியைத் தேடுகிறான். இந்த இடத்தில் நடிகர் புருவத்தைத் தூக்கி அரங்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டால் காட்சி அங்கேயே செத்துவிடும். அவனுக்குத் துக்கமும் நிஜம், சாவியும் அவசரம். தலையணைக்கடியில் துழாவும்போது அப்பாவின் கை குறுக்கே வந்தால், அதைப் பக்குவமாக எடுத்து மார்பின்மேல் வைத்துவிட்டு மறுபடி துழாவட்டும். சிரிப்பு தானாக வரும்.

பிரிட்டிஷ் நாடகாசிரியர் ஜோ ஆர்டனின் 'லூட்' நாடகத்தில், மகன் கொள்ளையடித்த பணத்தை அம்மாவின் சவப்பெட்டியில் ஒளிக்கிறான். 1965இல் வந்த முதல் தயாரிப்பு தோற்றது. 1966இல் லண்டனில் வேறு தயாரிப்பாக வந்து வென்றது. தன் நாடகங்களை யதார்த்தமாகவே நடிக்க வேண்டும் என்பதில் ஆர்டன் பிடிவாதமாக இருந்தார்.

அடுத்த தவறு, மேடையில் இருப்பவர்கள் ஒரு குடும்பமாகவே தெரியாதது. ஒருவர் வசனம் முடியும்வரை மற்றவர் மரியாதையாகக் காத்திருப்பார். எந்த வீட்டில் அப்படி நடக்கிறது? மகனைத் தண்டச்சோறு என்று திட்டிக்கொண்டே அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்வாள். இந்த மாதிரிப் பழக்கங்களை வசன ஒத்திகைக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும்.

ஒத்திகை நாட்கள் போகப்போக, முதல் வாசிப்பில் விழுந்து விழுந்து சிரித்தவர்களே சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். பழகிப்போனதுதான் காரணம். இது புரியாமல் இயக்குநர் பயந்துபோய்ப் புதிதாக ஜோக் சேர்ப்பார். உரிமம் வாங்கிப் போடும் நாடகமென்றால், அனுமதியில்லாமல் வசனத்தை மாற்றுவது பொதுவாக ஒப்பந்த மீறலும்கூட. அதற்குப் பதில், கதை தெரியாத நாலைந்து பேரைக் கடைசி ஒத்திகைகளுக்கு அழையுங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நெளியும் இடங்களை வெட்டிவிடாதீர்கள். பாதி நாடகம் அங்கேதான் இருக்கிறது.

சிரிப்புக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதும் ஆபத்து. வராவிட்டால் அந்த மௌனம் அசிங்கமாகிவிடும். கையில் ஒரு சின்ன வேலை வைத்துக்கொள்ளுங்கள்: துணி மடிப்பது, கண்ணாடியைத் துடைப்பது. சிரிப்பு எழுந்தால் வேலையைத் தொடரலாம், எழாவிட்டால் அடுத்த வசனத்துக்குப் போய்விடலாம்.

பிணமாக நடிப்பவர் மூச்சு விடுவார், அரங்கமே அவர் வயிற்றைத்தான் பார்க்கும். கனமான போர்வை போட்டு, மறைவான பக்கம் தள்ளிப் படுக்க வையுங்கள்.

விளம்பரத்தில் 'குடும்பத்தோடு கண்டுகளியுங்கள்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். குழந்தைகளோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாவு, தற்கொலை, வன்முறை எது கதையில் இருந்தாலும் போஸ்டரிலும் டிக்கெட்டிலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.