சுவிஸா ஜேர்மனியா? கணக்குப் பார்க்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சனிக்கிழமை காலையில் சுவிஸின் எல்லை நகரமான பாசலில் எட்டாம் இலக்க ட்ராம் ஏறினால் இருக்க இடம் கிடைப்பது சந்தேகம். பாதிப் பேர் கையில் மடித்த பை, மற்றவர்களிடம் சக்கரம் வைத்த கூடை. எல்லையைத் தாண்டினால் ஜேர்மனியின் வைல் அம் ரைன். இறங்கிய இடத்திலேயே கடைத்தொகுதி. மத்தியானம் திரும்பும்போது பைகள் வாய் மூடாது. இந்தக் கூட்டத்தைப் பார்த்தே பலர் ஜேர்மனி மலிவு, சுவிஸ் நெருப்பு விலை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜேர்மனியில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டால் அவர் மறுபக்கம் கதைப்பார்: "அங்கே சம்பளம் இரண்டு மடங்கு. போனால் மிச்சம் பிடிக்கலாம்." இரண்டுமே பாதிக் கணக்குத்தான்.

முதலாவது பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது. "கைக்கு எவ்வளவு வருகிறது?" என்ற கேள்வியை இரண்டு நாட்டுக்காரரிடமும் கேட்டு, வரும் இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஜேர்மன் சம்பளச் சீட்டின் கடைசி வரிக்கு வருமுன் வருமான வரி, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் கழிந்துவிடும். சுவிஸ் சீட்டில் மருத்துவக் காப்புறுதியே இருக்காது. அதற்கு வீட்டுக்குத் தனியாகப் பில் வரும். சி அனுமதியோ (நிரந்தர வதிவிட அனுமதி) குடியுரிமையோ உள்ளவர் என்றால் வருமான வரியும் சீட்டில் பிடிபடாது, பிறகுதான் கட்ட வேண்டும். பி அனுமதிக்காரருக்கு (தற்காலிக வதிவிட அனுமதி உள்ளவருக்கு) மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். ஆக ஒரே களஞ்சியத்தில் ஒரே சம்பளத்துக்கு நிற்கும் இரண்டு பேருக்கே "கைக்கு வருவது" வேறு வேறு.

என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் ஜேர்மனியில் இருந்தான். அவன் மட்டும் வேலை, மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அங்கே கைக்கு 2,400 யூரோ. பாசலில் கிடைத்த வேலையில் பிள்ளைக்காசும் சேர்த்து, வரி போக, 5,300 பிராங். தொலைபேசியில் குரலே மாறியிருந்தது. சரி, ஒரு தாளை எடு என்றேன். அங்கே பிள்ளைக்காசு சம்பளத்தோடு வருவதில்லை. 2025இல் பிள்ளைக்கு 255 யூரோப்படி 510. சேர்த்தால் 2,910. வெப்பமாக்கல் உட்பட வாடகை 1,150. மிச்சம் 1,760 யூரோ. பாசல் பக்கம் மருத்துவக் காப்புறுதி அவர்கள் இருவருக்கும் 860, பிள்ளைகளுக்கு 220. பார்த்து வைத்திருந்த வீடு 1,900. மிச்சம் 2,320 பிராங். அந்த 2,320இல்தான் சுவிஸ் விலைக்குச் சாப்பிட வேண்டும். கூடத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் மனதில் இருந்தது இரட்டிப்பு.

காப்புறுதி ஏன் இப்படி இடிக்கிறது? சுவிஸில் அது தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. குறைந்த வருமானக்காரருக்கு மாநிலம் உதவித்தொகை கொடுக்கும், அதற்குப் பதிய வேண்டும். ஜேர்மனியின் பொதுக் காப்புறுதி சம்பளத்தில் ஒரு வீதம், பாதியை முதலாளி கட்டுகிறார். வருமானம் இல்லாத துணையும் பிள்ளைகளும் அதற்குள்ளேயே மேலதிகக் காசில்லாமல் அடங்குவார்கள். தனி ஆள் நல்ல சம்பளத்தோடு சுவிஸ் போனால் இலாபம். நாலு வாய்க்கு ஒருவர் உழைக்கும் வீடு என்றால் கணக்கு வேறு. சராசரி எண் எதுவும் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

மாதக் கட்டணத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. சுவிஸில் வருடத்தின் முதல் மருத்துவச் செலவை நாமே கட்ட வேண்டும்; பெரியவர்களுக்கு அந்த வரம்பு 300 பிராங்கிலிருந்து 2,500 வரை, எதைத் தெரிவு செய்கிறோமோ அது. அதற்கு மேல் வரும் செலவிலும் பத்து வீதம், 700 பிராங் வரை நம்முடையது. கட்டணம் குறையும் என்று 2,500ஐத் தெரிவு செய்தவர் சுகமாக இருக்கும்வரை கெட்டிக்காரர். ஒரு பெரிய சத்திரசிகிச்சை வந்தால் அந்த வருடம் இரண்டும் சேர்ந்து 3,200 போகும். பல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாதாரண சூத்தைப் பல்லை அடைப்பதைக்கூட அடிப்படைக் காப்புறுதி பொறுக்காது. பல்லுக் காட்ட ஜேர்மனிக்கும் அதைவிடத் தூரத்துக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாடகை விளம்பரங்களில் இன்னொரு பொறி. ஜேர்மன் விளம்பரத்தில் "குளிர் வாடகை", "சூடான வாடகை" என்று இரண்டு இருக்கும். குளிர் வாடகையில் வெப்பமாக்கலும் தண்ணீரும் சேராது. அதை எடுத்து சுவிஸின் முழு வாடகையோடு ஒப்பிட்டால் ஜேர்மனி தேவலோகமாகத் தெரியும். அப்புறம், ஜேர்மனியில் சமையலறை என்று காட்டப்படும் இடத்தில் சில வீடுகளில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க்குழாய் மட்டும்தான் இருக்கும். அடுப்பு, அலுமாரி எல்லாம் நாம் வாங்கிப் பூட்ட வேண்டும். சுவிஸில் அடுப்பும் குளிர்சாதனப்பெட்டியும் வீட்டோடு வரும். உடுப்புத் தோய்க்கிற இயந்திரம்தான் பல கட்டடங்களில் நிலவறையில், முறை வைத்து.

நாட்டோடு நாட்டை ஒப்பிடுவதும் பிழைக்கும். மியூனிக் வாடகைக்குப் பக்கத்தில் சுவிஸின் சில சிறிய ஊர்கள் மலிவு. ஜேர்மனியிலேயே வாடகை குறைந்த லைப்சிக்கில் இருந்து போகிறவருக்கு அதே ஊர் கொள்ளை விலை. சுவிஸில் வரியும் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். சூக் மாநிலம் போன்ற இடத்தில் வரி குறைவு, ஆனால் அந்த இலாபத்தை வாடகை விழுங்கிவிடும்.

சித்தப்பா சொன்ன பழைய கணக்கையும் நம்ப வேண்டாம். 2007இல் ஒரு யூரோ வாங்க ஒன்றரைப் பிராங்குக்கு மேல் வேண்டியிருந்தது. 2011 செப்டெம்பரில் சுவிஸ் தேசிய வங்கி யூரோவை 1.20 பிராங்குக்குக் கீழே விடமாட்டோம் என்று பிடித்து வைத்தது, 2015 ஜனவரி 15ஆம் திகதி கையை விட்டது. இப்போது ஒரு பிராங் ஒரு யூரோவைவிடப் பெறுமதி கூட. எல்லைக் கடைகளில் கூட்டம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனைவியும் வேலைக்குப் போனால் சரிவரும் என்பார்கள். போகலாம், ஆனால் பிள்ளைகள் காப்பகத்தின் முழுக் கட்டணம் சுவிஸ் நகரங்களில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நூறு பிராங்கைத் தாண்டும். உதவித்தொகை இருக்கிறது, வருமானத்தைப் பார்த்துத்தான். ஜேர்மனியிலும் கட்டணம் இடத்துக்கு இடம் வேறு, பேர்லினில் காப்பகக் கட்டணமே இல்லை.

"ஜேர்மனியில் இருந்துகொண்டு சுவிஸில் உழைப்போம்" என்பவர்களும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் சுவிஸ் வரி மட்டும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். எல்லை கடந்து தினமும் போய்வருபவருக்கு சுவிஸ் பிடிப்பது அதிகபட்சம் 4.5 வீதம், மீதியை ஜேர்மனி தன் அளவுப்படி கேட்கும்.

கடைசியாகச் சனிக்கிழமைக் கூடை. 2025 ஜனவரியிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 பிராங் வரைதான் பெறுமதி சேர் வரி (பொருள் வாங்கும்போது விலையோடு கட்டும் வரி) இல்லாமல் சுவிஸுக்குள் கொண்டுவரலாம்; முன்பு 300. தாண்டினால் மேலதிகத்துக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. அங்கே பொருள் வாங்கும்போது கட்டிய ஜேர்மன் வரியைத் திருப்பி எடுக்கிறேன் என்று சுங்கத்தில் முத்திரைக்கு வரிசையில் நிற்பவர்களையும் பார்க்கிறேன். 50 யூரோவுக்கு மேல் வாங்கினால்தான் அந்தச் சலுகை. சாப்பாட்டுச் சாமான் பெரும்பாலானதற்கு அங்கே வரி 7 வீதம். 60 யூரோப் பில்லுக்குத் திரும்பி வருவது 4 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. அரைமணி நேர வரிசைக்கு அது காணுமா என்பதை அவரவர் சொல்லட்டும். தொலைக்காட்சி, கைபேசி என்றால் சுவிஸ் பக்கம் விலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். இங்கே வரி 8.1 வீதம், அங்கே 19.

இறைச்சிக்குத் தனிச் சட்டம்: தலைக்கு ஒரு கிலோ. கூடினால் கிலோவுக்கு 17 பிராங் தீர்வை, பிறகு அந்த ஆட்டிறைச்சிக் குழம்பு தொண்டையில் இறங்காது. தம்பி கடைசியில் பாசலுக்கே வந்துவிட்டான். சனிக்கிழமைகளில் எட்டாம் இலக்க ட்ராமில் குடும்பமாகக் காண்கிறேன். சின்னவனுக்குத் தூக்கம் கலையவில்லை, அழுதுகொண்டு வருகிறான். வீட்டில் விட்டுவிட்டு வரலாமே என்று கேட்டேன். "எப்படி அண்ணை? அவனுக்கும் ஒரு கிலோ இருக்கே."