ஆமிஷ் மக்களின் எளிமையைச் சென்னை வீட்டில் கைக்கொள்வது எப்படி

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் இறைச்சியை ஒதுக்கி வைப்பது சென்னைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழகிய ஒன்று. அதே நாற்பது நாட்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களில் மிகுதியாக வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் பழக்கங்களில் சிலவற்றை நம் வீட்டிலும் தொடங்க முடியும். பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று லெந்து காலங்களாக எங்கள் குடும்பம் செய்துவருவதை வைத்தே இதை எழுதுகிறேன்.

எதைக் கைக்கொள்வது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1525இல் சூரிச் நகரில், விசுவாசத்தை அறிக்கையிட்ட பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் என்று கூறித் துன்புறுத்தப்பட்டவர்களின் வழிவந்த சபைகளிலிருந்து, 1693இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பரின் தலைமையில் பிரிந்தவர்களே ஆமிஷ் மக்கள். குதிரை வண்டியும் வைக்கோல் தொப்பியும் வெளியே தெரிபவை. அவர்கள் மின்சாரத்தையும் காரையும் பாவமென்று தள்ளுவதில்லை; ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் அது நம் குடும்பத்தையும் சபையையும் என்ன செய்யும் என்று கூடிக் கேட்டுப் பார்த்த பிறகே ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்கிறார்கள். சொந்தக் கார் வைத்துக்கொள்ளாதவர்கள் தேவைக்கு வாடகைக் காரில் செல்வதும், வீட்டுக்குள் தொலைபேசி வைக்காதவர்கள் வெளியே ஒரு சிறு கொட்டிலில் அதை வைத்திருப்பதும் இதனால்தான். ஏறத்தாழ இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும் ஆண்டுக்கு இருமுறை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்பாக, தன் ஒழுங்குகளை எடுத்துப் பேசி ஒருமனப்படுகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கூடிக் கேட்கும் பழக்கத்தையே.

லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்பு, பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை வீட்டிலுள்ள அனைவரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஜெபித்துவிட்டு, ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசுங்கள்: இது வந்த பிறகு இந்த வீட்டில் யார் யாரோடு பேசுவது குறைந்தது? குடும்பத்தலைவர் கடைசியாகப் பேசுவது நல்லது. அவர் முதலில் பேசினால் அது கட்டளையாகிவிடும். எங்கள் வீட்டில் கைப்பேசியைப் பற்றிப் பேசியபோது என் மாமியார், "ராத்திரி சாப்பிடும்போது யாரும் என் முகத்தைப் பாக்கிறதே இல்ல" என்று மெதுவாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வாதிட எதுவும் இருக்கவில்லை.

வாசலருகே ஒரு பலகை அடித்து, சார்ஜரையும் அங்கேயே பொருத்தி, இரவு எட்டு மணி முதல் காலைக் குடும்ப ஜெபம் முடியும்வரை எல்லாக் கைப்பேசிகளையும் அதில் வைத்துவிடுவது என்று தீர்மானித்தோம். அழைப்பு வந்தால் அங்கே நின்றபடியே பேச வேண்டும். நின்று பேசினால் பேச்சு தானாகச் சுருங்கும். இரவுப் பணியில் இருப்பவருக்கும், மருத்துவமனையில் உறவினர் இருக்கும் வீட்டுக்கும் விலக்கு தேவை. அந்த விலக்கையும் கூடிப் பேசியே கொடுங்கள். மின்விசிறியை நிறுத்துவது போன்ற கடுமைகள் வேண்டியதில்லை.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஆமிஷ் மக்கள் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடி ஆராதிக்கிறார்கள். பெஞ்சுகள் வண்டியில் வீடுவீடாகச் செல்கின்றன. ஆராதனைக்குப் பின் எந்த வீட்டிலும் ஏறக்குறைய ஒரே எளிய உணவுதான்: ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், ஊறுகாய், காப்பி. இதில் பெரிய அன்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் ஒருவர் பிரியாணி போட்டால் அடுத்தவர் அதற்குக் குறையாமல் செய்ய நினைக்கிறார், வசதியில்லாதவரோ தம் முறை வருவதற்கு முன்பே ஏதாவது காரணம் சொல்லி விலகிவிடுகிறார். சுண்டலும் தேநீரும் மட்டுமே என்று குழுவில் முடிவெடுத்த பிறகு, எங்கள் தெருவில் ஒற்றை அறையில் வாழும் ஒரு சகோதரி முதன்முறையாகத் தம் வீட்டுக்கு எங்களை அழைத்தார். அங்கே மைக்கும் கீபோர்டும் இன்றிக் கீர்த்தனைகளை நிதானமாகப் பாடினோம். ஆமிஷ் சபைகளிலும் இசைக்கருவி இல்லை. அவர்களுடைய துதிப்பாடல் ஒன்று மட்டுமே ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும்.

மிகக் கடினமானது மன்னிப்பு. 2006 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் பள்ளியில் ஐந்து ஆமிஷ் சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தச் சமூகத்தார் கொலையாளியின் குடும்பத்தைத் தேடிச் சென்று ஆறுதல் கூறினார்கள். அவனுடைய அடக்கத்திலும் பலர் கலந்துகொண்டார்கள். திருவிருந்துக்கு முன் மனஸ்தாபங்களைத் தீர்த்துக்கொள்வதும், திருவிருந்தன்று ஒருவர் காலை ஒருவர் கழுவுவதும் அவர்கள் வழக்கம். ஆகவே பெரிய வியாழனுக்கு முன்பாக ஒரு பிணக்கையாவது நேரில் சென்று முடியுங்கள். அது வண்டி நிறுத்துமிடச் சண்டையாகவும் இருக்கலாம். வாட்ஸ்அப் செய்தி இதற்குப் போதாது. நிலத் தகராறில் இரண்டு ஆண்டுகளாகப் பேசாதிருந்த என் அண்ணனின் ஆவடி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாவற்றையும் பின்பற்ற வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிப்படிப்பை நிறுத்துவதையும், ஞானஸ்நானம் பெற்றபின் விலகுபவரை ஒதுக்கி வைப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டவர்கள் நாம். அடுத்தவரின் பட்டுப்புடவையை அளக்கும் கோலாக நம் எளிமை மாறினால், அந்த விதியை அன்றே விட்டுவிடுவது மேல்.

உயிர்த்தெழுதல் ஞாயிறு முடிந்த வாரத்தில் மீண்டும் வட்டமாக உட்காருங்கள். ஒருவருக்கேனும் மனமொப்பாத விதியை விட்டுவிட்டு, மீதியை மட்டும் தொடருங்கள். அடுத்த கூட்டத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலம் தொடங்குவதற்கு முன்பாக வைத்துக்கொண்டு, அந்த நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.