முதல் தடவை கொடைக்கானல்: மதுரைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கொடைக்கானல் போய் வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஏரி, படகு, சாக்லேட் என்று முடித்துவிடுவார். மலைப்பாதையில் அவர் தூங்கியிருப்பார். என்னைக் கேட்டால், பாதி கொடைக்கானல் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

1. நாள் பார்ப்பது

ஏப்ரல், மே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பயந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஜனவரி இரவுக்கு ஸ்வெட்டர் மட்டும் போதாது. காதை மூட மப்ளரும் வேண்டும். சொந்த வண்டியில் போகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்தில் வந்த நடைமுறை இது. அரசு பஸ் பயணிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை உண்டு. வீட்டு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துச் செல்லுங்கள்.

2. ஏறுவது

ஆரப்பாளையத்தில் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள். சுமார் 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கடைசி வரிசையில் உட்காராதீர்கள். வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதி மலை வரை பிளாஸ்டிக் பையும் கையுமாக இருந்தவன் சொல்கிறேன். இரண்டு இட்லியும் முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழமும் போதும்.

வத்தலக்குண்டு தாண்டியதும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடிவாரத்துத் தென்னையும் மாவும் பின்வாங்கும். கீழே மஞ்சளாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீராகச் சுருங்கும். எதிர் மலையில் வெள்ளை நூலாகத் தொங்குவது தலையாறு அருவி. அதன் பிறகு காப்பித் தோட்டங்கள். காற்றில் சில்லிப்பு ஏறும். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சி வரும். அது ஏரியின் உபரி நீர். படம் எடுங்கள், குடிக்காதீர்கள்.

3. பார்ப்பது

ஏரி 1863-இல் வெட்டப்பட்டது. ஒரு சுற்று நடந்தால் போதும்.

மறுநாள் காலையில் கோக்கர்ஸ் வாக். ஒரு கிலோமீட்டர் நடைபாதைதான். பனிமூட்டம் எழும்புமுன் போனால் சமவெளி முழுவதும் காலடியில் விரியும். மாலையில் கீழே மூட்டம் படர்ந்து, முதுகுப்புறம் வெயில் அடித்தால், உங்கள் நிழல் அந்த மூட்டத்தின்மேல் வானவில் வளையத்தோடு விழக்கூடும். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

அங்கிருந்து குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-இல் கட்டப்பட்ட முருகன் கோயில். கட்டியவர் சைவத்தைத் தழுவிய ஓர் ஐரோப்பியப் பெண்மணி. வானம் தெளிந்திருந்தால் வடக்கே பழனி மலை தெரியும். ஒரு முருகன் இன்னொரு முருகனை எட்டிப் பார்ப்பது போலிருக்கும். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். இடையில் யாராவது ஊதாப் பூவைக் காட்டிக் காசு கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நேரமிருந்தால் சூரிய ஆய்வுக்கூடம். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். நம் பள்ளிப் பிள்ளைகளைத் தூண் பாறைக்குக் கூட்டிப் போகுமுன் இங்கே அழைத்துப் போகலாம் என்பது என் கட்சி.

4. இறங்குவது

மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள், இருட்டினால் அந்தப் பாதையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சாக்லேட்டுக்குப் பதில் மலைப்பூண்டு வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாதாரணப் பூண்டைவிடக் காரமும் மணமும் அதிகம், ரசத்துக்குப் பாதி அளவு போட்டாலே போதும். பையை இறுகக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஆரப்பாளையம் வரை பஸ் முழுக்க உங்களையே திரும்பிப் பார்க்கும்.